கேள்வி – பதில்: பழைய பொருள்களும் இணைய ஏலமும்

பயன்படுத்திய பொருள்களை வாங்கி இணைய ஏலத்தில் விற்பது பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கிச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடந்த சில பொருள்களை இணைய ஏலத்தில் விற்றேன். எதிர்பார்த்ததைவிட நல்ல விலை கிடைத்தது. இனி வெளியில் வாங்கி விற்கலாம் என்றிருக்கிறேன். எங்கே தேடினால் லாபம் தரும் சரக்கு கிடைக்கும்?

பதில்: வீட்டுப் பொருளை விற்கும்போது வந்ததெல்லாம் லாபமாகத்தான் தோன்றும், ஏனென்றால் அதை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை நாம் என்றோ மறந்திருப்போம். கைக்காசைப் போட்டு வாங்கும் பொருளில் அந்த வசதி இல்லை. ஆகவே 'எங்கே' என்று கேட்பதற்கு முன்னால் 'எதை' என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பவரைவிட ஏதாவது ஒன்றை ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார். பழைய பொருள் விற்கும் இடத்துக்கு உங்களுக்கு முன்பே பத்துப் பேர் வந்து போயிருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டும் அவர்கள் எடுக்காமல் விட்ட பொருளில்தான் உங்கள் லாபம் இருக்கிறது. அதை அடையாளம் காண அவர்களுக்கு இல்லாத ஓர் அறிவு உங்களிடம் இருக்க வேண்டும். தையல் இயந்திரம், மரவேலைக் கருவி, மை ஊற்றும் பேனா, கேமரா, இசைக்கருவி, கால்குலேட்டர், ரயில் பொம்மை என்று எதுவாகவும் அது இருக்கலாம். நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திய, பழுது பார்த்த, ஆசையாகச் சேர்த்த பொருள் வகையில் தொடங்குவதே நல்லது. பாதிப் படிப்பு அங்கே முன்பே முடிந்திருக்கும்.

வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு நான்கு விஷயங்களைப் பாருங்கள். பொருள் சிறியதாகவும் கனமில்லாததாகவும் இருந்தால் அனுப்புவது எளிது. அதன்மீது மாடல் எண்ணோ தயாரிப்பாளர் முத்திரையோ இருந்தால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தேடிக் கண்டுபிடிப்பார். அதன் தயாரிப்பு நின்றுபோயிருந்தால் புதிய பொருளோடு போட்டி இருக்காது. தயாரிப்பு நின்ற பின்னும் அதைப் பயன்படுத்துவோர் இருந்தால் கேட்பாரும் இருப்பார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழையது என்பதாலேயே ஒரு பொருளுக்கு மதிப்பு வந்துவிடாது. யாருக்கும் வேண்டாத பழைய பொருள்கள் உலகில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன.

இனி இடத்துக்கு வருவோம். விற்பவருக்குப் பணத்தைவிட இடமும் நேரமும் முக்கியமாகிவிட்ட இடங்களில்தான் விலை குறையும். வீடு மாறுபவர்கள், பெரியவர்கள் மறைந்தபின் வீட்டைக் காலி செய்பவர்கள், மூடப்படும் பட்டறைகள், கருவிகளை மொத்தமாக மாற்றும் ஆய்வகங்கள், அலுவலகங்கள், ஸ்டுடியோக்கள் ஆகியவற்றைத் தேடிப் போங்கள். நன்கொடைப் பொருள் விற்கும் கடைகள், வாரச் சந்தைகள், பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள், உள்ளூர் வரி விளம்பரங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான். பழம்பொருள் கடை என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவரிடம் மலிவாக எதுவும் கிடைக்காது. அவரும் அதே இணைய ஏலத்தில் விலை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒரு பொருளை இணையத்தில் மிக அதிக விலைக்குப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்த விலையை நம்பி இன்னும் சிலவற்றை வாங்கலாமா?

பதில்: பட்டியலில் இருப்பது விற்பவரின் ஆசை மட்டுமே; அந்த விலையை யாரும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்குத் தேவை முடிந்த விற்பனைகளின் விலை. ஈபே போன்ற தளங்களில் தேடல் முடிவுகளை 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அதில் ஏறக்குறைய கடந்த 90 நாள் விற்பனைகள் தெரியும். அதே தளம் விற்பனையாளர்களுக்கு வழங்கும் 'டெராபீக்' என்ற ஆய்வுக் கருவியில் மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். கடைத்தெருவில் நின்றுகொண்டே கைப்பேசியில் இதைப் பார்த்துவிட முடியும் என்பதால், பார்க்காமல் வாங்கியதற்குச் சாக்கே கிடையாது.

அந்தப் பட்டியலைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உச்ச விலைக்குப் போனதைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் பெட்டியும் கையேடும் சேர்ந்திருக்கும், அல்லது இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றியிருப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் பொருளின் நிலையிலேயே இருந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் நடு விலையைக் கணக்கில் வையுங்கள். பிறகு விற்ற எண்ணிக்கையையும் இப்போது விற்பனைக்குக் காத்திருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் 30 விற்று, இன்று 10 காத்திருந்தால் உங்கள் சரக்கு ஒரு மாதத்தில் நகர்ந்துவிடும். மூன்று மாதத்தில் 5 மட்டுமே விற்று, 60 காத்திருந்தால், இருப்பது தீரவே மூன்று ஆண்டுகளாகும். உங்களுடையது அந்த வரிசையில் 61-ஆவதாக நிற்கும். நல்ல விலைக்குப் போகும் பொருள் வேறு, விரைவில் போகும் பொருள் வேறு. முதலீடு குறைவாக இருக்கும் தொடக்க காலத்தில் பின்னதைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: வாங்கிய விலைக்கு இரண்டு மடங்காக விற்றும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. தவறு எங்கே இருக்கிறது?

பதில்: அநேகமாக நீங்கள் முன்னிருந்து பின்னாகக் கணக்குப் போடுகிறீர்கள். வாங்கிய விலையில் தொடங்காமல், விற்கப்போகும் விலையில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் நிற்கும் தொகைதான் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அனுப்பும் செலவையும் சேர்த்து வாங்குபவர் 300 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் நூற்றுக்கு 13 என்றால் 39 போயிற்று. பல தளங்கள் பொருளின் விலைக்கு மட்டுமல்லாமல் அனுப்பும் செலவும் சேர்ந்த மொத்தத் தொகைக்குக் கமிஷன் எடுக்கும் என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. கூரியருக்கு 40, பெட்டிக்கும் உறைப்பொருளுக்கும் 10, சுத்தம் செய்யவும் சிறு பழுது நீக்கவும் 15, திரும்பி வரும் பொருள்களுக்கான ஒதுக்கீடாக 15 கழியுங்கள். மீதி 181. இதில் உங்கள் உழைப்புக்கும் லாபத்துக்கும் 80 வேண்டுமென்றால், அந்தப் பொருளுக்கு 101-க்கு மேல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. அதையே 150-க்கு வாங்கியிருந்தால், இரண்டு மடங்குக்கு விற்றேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம்; கையில் நிற்பது 31தான். அந்த 31-க்காகத் தேடி அலைந்து, துடைத்து, படமெடுத்து, எழுதி, கட்டி, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

கூரியர் கணக்கில் இன்னொரு கண்ணி உண்டு. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பரவலாக உள்ள முறை. ஒரு கிலோகூட இல்லாத விளக்குக் கூண்டை 50, 40, 30 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், காகிதத்தில் அதன் எடை 12 கிலோ. ஆகவே வாங்கும் இடத்திலேயே பொருளைப் பார்க்காமல் அது போகவேண்டிய பெட்டியைப் பார்க்கப் பழகுங்கள்.

கேள்வி: மூடப்பட்ட ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பழைய கேமராக்களும் லென்ஸ்களும் மொத்தமாக விலைக்கு வருகின்றன. எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

பதில்: நேரம் குறைவாக இருந்தால் லென்ஸ்களை முதலில் பாருங்கள். பழைய ஃபிலிம் கேமராவின் உடலில் கெட்டுப்போக ஆயிரம் வழிகள் உண்டு. பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் இருக்க ஒட்டிய நுரைப்பட்டை தொட்டாலே கரியைப்போல் விரலில் ஒட்டும். மெதுவான ஷட்டர் வேகங்கள் பாதியில் சிக்கிக்கொள்ளும். 1960, 70-களின் பல கேமராக்களில் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பி அமைக்கப்பட்டது. பாதரசத்துக்குத் தடை வந்தபின் அந்த பேட்டரி கிடைப்பதில்லை, இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பலவற்றில் அளவு தவறாகக் காட்டும். லென்ஸ் அப்படியல்ல. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ('மிரர்லெஸ்') புதிய டிஜிட்டல் கேமராக்களில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் குறைவு என்பதால், ஓர் அடாப்டர் வளையத்தைப் பொருத்தி ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸையும் மாட்டிவிடலாம். பழைய கையியக்க லென்ஸ்களுக்கு மறுபடியும் மவுசு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோதிக்க ஒரு சிறிய டார்ச் போதும். இருபக்க மூடிகளையும் கழற்றி, லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை (அபெர்ச்சர்) முழுவதுமாகத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே சில தூசித் துகள்கள் மின்னினால் கவலை வேண்டாம். ஐம்பது ஆண்டுகளான லென்ஸில் அவை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி இழை போலக் கிளைத்துச் செல்லும் நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுவதும் பால் படிந்ததுபோல் மங்கினால் உள்ளே மசகெண்ணெய் ஆவியாகிப் படிந்திருக்கலாம். திறந்து துடைத்தால் சில சமயம் போய்விடும். விளிம்பில் வானவில் நிறங்களோடு ஒரு வளையமோ திட்டோ தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை பிரிந்துகொண்டிருக்கிறது. அதை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சரிசெய்யும் கூலி பெரும்பாலும் லென்ஸின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து, துளை வளையத்தைத் திருப்பித் தகடுகள் சட்டென்று மூடித் திறக்கின்றனவா என்று பாருங்கள். தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்து, அவை சோம்பலாக நகர்ந்தால், படமெடுக்கும் கணத்தில் துளை தானே சுருங்கும் 'தானியங்கித் துளை' வகை லென்ஸில் அது பெரிய குறை. கையால் திருப்பி அமைக்கும் வகையில் அவ்வளவு குறையில்லை. கடைசியாக, கேமராவில் மாட்டும் பகுதியைப் பாருங்கள். 42 மில்லிமீட்டர் குறுக்களவில் சாதாரண மரை இருந்தால் அது எம்42 வகை. பல நாடுகளின் பல நிறுவனங்கள் அந்த அளவில் தயாரித்ததால், வாங்க ஆள் எப்போதும் உண்டு. மொத்தமாக விலை பேசும்போது பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே ஒதுக்கி, அவற்றுக்கு விலையே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டுப் பேசுங்கள். அவற்றை வாங்கிக்கொண்டாலும் நல்ல லென்ஸ்களோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. உறையில் ஒரே படம், ஒரே பெயர் இருந்தும் ஒன்று மலிவாகவும் மற்றொன்று பல மடங்கு அதிகமாகவும் விற்கிறதே, ஏன்?

பதில்: உறை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு தொழிற்சாலைகளில் அச்சான தட்டாக இருக்கலாம். தட்டின் பாட்டு முடிந்து, நடுவில் ஒட்டிய லேபிள் தொடங்குவதற்கு முன்னால் வழவழப்பான ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறியோ முத்திரையிட்டோ பொறித்த எண்ணும் எழுத்தும் தெரியும். சேகரிப்பவர்கள் அதை வைத்துத்தான் முதல் பதிப்பையும் மறுபதிப்பையும் பிரிக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற தளத்தில் இந்த எண்களோடு பதிப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன; விற்ற விலைகளும் அங்கே கிடைக்கும்.

தட்டின் நிலையை நீங்களாக 'சூப்பர்' என்று எழுதாமல், சேகரிப்பாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தரப்படுத்தலையே பின்பற்றுங்கள். ஐயமிருந்தால் ஒரு படி குறைத்து எழுதுங்கள். அனுப்பும்போது தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து உள்ளுறையோடு உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே இருந்தால், பார்சல் கீழே விழும் வேகத்தில் தட்டு உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சேகரிப்பவருக்கு உறையும் தட்டுக்குச் சமம்.

கேள்வி: ஏலத் தளத்திலேயே மலிவாக வாங்கி, அதே தளத்தில் விற்றும் லாபம் பார்க்க முடியுமா? ஏலத்தில் எப்போதும் என்னைவிடச் சற்று அதிகமாகக் கேட்டு யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

பதில்: முடியும், ஆனால் வெளியே வாங்குவதைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். அங்கே மலிவு என்பது விற்பவரின் அலட்சியத்திலிருந்து வருகிறது. தயாரிப்பாளர் பெயரைத் தப்பாக எழுதியிருப்பார். அதனால் சரியாக எழுதித் தேடுபவர்களுக்கு அது கிடைக்காது. உங்கள் துறையில் பிரபலமான பெயர்களை எத்தனை விதமாகப் பிழையாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடிப் பாருங்கள். சிலர் 'பழைய பொருள்கள், ஒரு பெட்டி' என்று தலைப்பிட்டு மங்கலான ஒரே ஒரு படம் போட்டிருப்பார்கள்; அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் நல்ல பொருள் ஒன்று எட்டிப்பார்க்கும். மொத்தமாக வாங்கி, பிரித்து விற்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய வழி, இன்றும் செல்லுபடியாகும் வழி.

ஏலத்தில் விலை கேட்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான ஏலத் தளங்களில் நீங்கள் கொடுக்கச் சம்மதிக்கும் உச்சத் தொகையைப் பதிந்துவிட்டால், தளமே உங்கள் சார்பில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். இரண்டாமவரின் தொகைக்குச் சற்று மேலே விலை நின்றுவிடும். முறைப்படி பார்த்தால் இதில் கடைசி நிமிடம் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. ஆனாலும் ஏலம் குறித்த நேரத்தில் முடியும் தளங்களில் விலைக்கேட்புகள் கடைசி நொடிகளில்தான் குவிகின்றன. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் முடிந்தால் ஏலமும் முடிகிற ஈபேயையும், கடைசியில் விலைக்கேட்பு வந்தால் நேரம் தானாக நீளுகிற அன்றைய அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டு, கடைசி நேர விலைக்கேட்புகள் முன்னதில்தான் மிகுதி என்று காட்டினார்கள். முன்கூட்டியே கேட்டால் மற்றவர்களுக்கு அந்தப் பொருளில் ஏதோ இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிறது. அதிலும் உங்கள் பெயர் அந்தத் துறையில் தெரிந்த பெயராகிவிட்டால், நீங்கள் கேட்பதே மற்றவர்களுக்குத் தரச்சான்று. ஆகவே உங்கள் உச்சத் தொகையை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, முடியும் தறுவாயில் ஒரே முறை பதிந்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

'என்னைவிடச் சற்று அதிகமாகக் கேட்டு எடுத்துவிடுகிறார்கள்' என்று வருந்துகிறீர்கள். எல்லோரும் மதிப்பைக் குத்துமதிப்பாகவே அறிந்திருக்கும் ஏலத்தில், அதிகமாக மதிப்பிட்டுவிட்டவர்தான் வெல்கிறார். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 'வென்றவரின் சாபம்' என்று பொருளியலில் இதற்குப் பெயரே உண்டு. மறுவிற்பனைக்கு வாங்குபவர் பெரும்பாலான ஏலங்களில் தோற்கத்தான் வேண்டும். அடிக்கடி வெல்கிறீர்கள் என்றால் உங்கள் உச்சத் தொகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஏலத்தில் விடுவதா, நிலையான விலை போடுவதா?

பதில்: ஒரே நேரத்தில் இரண்டு பேராவது விரும்பும் பொருளுக்கு ஏலம், ஒருவர் எப்போதாவது தேடி வரும் பொருளுக்கு நிலையான விலை. ஏலத்துக்கு விட்ட வாரத்தில் ஒரே ஒருவர் மட்டும் வந்தால், தொடக்க விலைக்கே அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஏலத்துக்காகவே தொடங்கப்பட்ட தளங்களில்கூட இன்று பெரும்பகுதி விற்பனை நிலையான விலையில்தான் நடக்கிறது. எனினும் விலை என்னவென்று யாருக்கும் தெரியாத அரிய பொருள், முடிந்த விற்பனைகளில் ஒப்பிட ஒன்றுமே அகப்படாத பொருள் கிடைத்தால் தயங்காமல் ஏலத்தில் விடுங்கள்.

கேள்வி: பொருளின் குறைகளை எழுதினால் விலை விழுந்துவிடுகிறது, எழுதாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

பதில்: எழுதுங்கள், படமும் போடுங்கள். வாங்குபவரால் தொட்டுப் பார்க்க முடியாத சந்தையில், சொல்லப்படாத குறைகளையும் அவர் கற்பனை செய்துகொண்டு அதற்கேற்பத்தான் விலை கேட்கிறார். கீறலின் நீளம் தெரியும்படி அளவுகோலோடு ஒரு படம், வரிசை எண்ணின் படம், இயங்கும் பொருளென்றால் இயங்கும்போது எடுத்த படம் இருந்தால், கற்பனைக்கு இடமில்லாமல் போகிறது. விலை சற்றுக் குறைந்தால் அது உண்மையான விலை. வரிசை எண்ணின் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. உங்களிடமிருந்து நல்லதை வாங்கி, தன்னிடமிருந்த கெட்டதைத் திருப்பி அனுப்புபவருக்கு அதைக் காட்டலாம்.

'சோதித்துப் பார்க்கவில்லை' என்ற சொற்றொடரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய பொருளுக்கு அப்படி எழுதினால், சோதித்துத் தோற்றுப்போன பொருள் என்றே அனுபவசாலிகள் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் வாங்கும்போதும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருட்டுப் பொருளோ போலியோ தெரியாமல் கைக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நல்லதுதான். கைப்பேசியென்றால் *#06# என்று தட்டி ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) பாருங்கள். திருடுபோனதாகப் பதிவானவற்றின் பட்டியலில் அது இருக்கிறதா என்று சரிபார்த்து, முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டுவிட்டதை உங்கள் கண்முன்னே உறுதி செய்துகொண்டபின் பணம் கொடுங்கள். புகழ்பெற்ற பெயருள்ள கைப்பைகள், கடிகாரங்கள், நினைவக அட்டைகள் ஆகியவற்றில் போலி மிகுதி. அசலைக் கையில் பிடித்துப் பழகாதவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். போலியை அறியாமல் விற்றாலும் கணக்கு முடக்கப்படலாம்.

சில பொருள்கள் அசலாக இருந்தாலும் விற்க முடியாதவை. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் முடிவான தடை 1990-இல் நடைமுறைக்கு வந்தது. ஈபே 2009 ஜனவரியிலிருந்து தந்தப் பொருள்களை அனுமதிப்பதில்லை. பழைய பியானோக் கட்டைகளிலும் கத்திக் கைப்பிடிகளிலும் தந்தம் இருக்கக்கூடும் என்பதால் வாங்குமுன் கவனியுங்கள். பாதுகாப்புக் குறைபாட்டால் நிறுவனமே திரும்பப் பெற்ற குழந்தைப் பொருள்களும், வீங்கிய லித்தியம் பேட்டரி உள்ள எதுவும் இதே வகைதான்.

கேள்வி: நான் ஏலத்தில் விட்ட பொருளின் விலை குறைவாக நிற்கும்போது, நண்பரை விட்டு விலையை ஏற்றிக் கேட்கச் சொன்னால் தவறா?

பதில்: தவறு. தளங்களின் விதிகளுக்கு எதிரானது, பல நாடுகளில் சட்டத்துக்கும் எதிரானது. குறைந்த விலைக்குப் போய்விடும் என்ற அச்சம் இருந்தால் தொடக்க விலையை உயர்த்தி வையுங்கள்.

கேள்வி: உடைந்த, இயங்காத பொருள்களை அடிமாட்டு விலைக்குத் தருகிறார்கள். வாங்குவதில் பொருள் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. பின்னாளில் ஈபே ஆன தளத்தை 1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கியபோது, அதில் முதலில் விற்றதே உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, போனது 14.83 டாலருக்கு. அது உடைந்தது என்று தெரிந்தேதான் வாங்கியவர் வாங்கினார்.

இயங்காத பொருளை வாங்கும்போது அதைப் பழுதுபார்த்து விற்பதாகக் கற்பனை செய்யாதீர்கள். முதலுக்கே மோசம் வரும் வழி அது. அதில் உடையாமல் இருப்பவை எவை, அவற்றுக்கு ஏங்குபவர் யார் என்று பாருங்கள். அதே மாதிரிப் பொருளை வைத்திருந்து, ஒரே ஒரு திருகு குமிழைத் தொலைத்துவிட்டு, அதனாலேயே முழுப் பொருளையும் பயன்படுத்த முடியாமல் தவிப்பவர் எங்கோ ஒருவர் இருப்பார். உடைந்த வால்வு வானொலியின் குமிழ்கள், அலைவரிசைக் கண்ணாடி, மின்மாற்றி, வால்வுகள் எல்லாம் தனித்தனியே விலைபோகும். மின்சாரத்தில் இயங்கிய பொருளை உள்ளே கைவைத்துப் பிரிக்குமுன், இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும், அதை வெளியேற்றத் தெரிந்தவர் செய்யட்டும். ரிமோட், அடாப்டர், பேட்டரி மூடி, அச்சிட்ட கையேடு ஆகியவற்றைப் பொருளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவது பெரும்பாலோர் வழக்கம். பேட்டரி மூடி ஒன்றைத் தபால் உறையிலேயே அனுப்பிவிடலாம். பெட்டி வாங்கும் செலவுகூட இல்லை. தலைப்பில் மட்டும் பொருளின் மாடல் எண்ணையும், உறுப்பின் மீது அச்சிட்ட எண் ஏதேனும் இருந்தால் அதையும், முழுப் பொருள் இதில் அடங்காது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.